இரண்டாவது வளையம்

மிசூரி
24 ஆகஸ்ட் 2021

லுவி அக்காவுக்கு,

"எலோய்சா, உங்க கேள்வியக் கேளுங்க." பத்தொன்பதாம் தேதி வகுப்பில் நான் சொல்லாமல் விட்டது இந்த ஒரு வரிதான்.

அன்று என் திரையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பெரும்பாலும் கறுப்புக் கட்டங்கள், கட்டத்துக்குள் ஒரு பெயர், அவ்வளவுதான். எட்டு மாநிலங்களின் கிராமங்களிலிருந்து வருகிறார்கள். மார்ச்சில் விதை முளைக்க வைப்பதில் தொடங்கி, விளைந்ததைக் குளிர்காலத்துக்கு ஜாடியில் அடைப்பது வரை வியாழன்தோறும் நான் பாடம் எடுக்கிறேன். யாராவது கை தூக்கினால் அந்தக் கட்டம் முன்னால் வந்து நிற்கும். அப்படி வந்து நின்றது அம்மாவின் பெயர். செத்துப் போய் இரண்டரை வருடம் ஆன எலோய்சா ஆர்ச்சிபெக் என்னிடம் கேள்வி கேட்கக் கை தூக்கியிருந்தாள்.

பிறகு இரண்டு விநாடி உன் கேமரா திறந்துகொண்டது. தவறிப் பட்டிருக்க வேண்டும். நீலச் சாயம் பூசிய ஜன்னல் கட்டை, கை உடைந்த தகரப் புனிதர், அவரைத் தள்ளிவைக்கும் ஒரு மணிக்கட்டு, அதில் அடுப்புச் சூட்டுத் தழும்பு. திரை மறுபடி கறுத்தது.

நான் தண்ணீர் குடித்தேன். "கேள்விகளுக்கு இன்னிக்கு நேரமில்லை" என்றேன். இருபது நிமிடம் மீதமிருந்தது.

அந்தப் பதற்றத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். குக்கர் மூடியில் வைக்கும் வெயிட்டின் மேல் ஒரு வளையம் போடுங்கள், பத்து பவுண்டு அழுத்தம், இருபது நிமிடம் என்று சொன்னேன். அது என்னைப்போல் தாழ்ந்த நிலத்தில் இருப்பவர்களுக்கு. நான் உட்கார்ந்திருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து எழுநூறு அடி. ஆயிரம் அடிக்கு மேலே இருப்பவர்கள் இரண்டாவது வளையத்தையும் போட வேண்டும், பதினைந்து பவுண்டு. தாண்டிய பக்கத்தில் அதுதான் இருந்தது. நம் வீடு ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் அடியில் இருக்கிறது.

ஒரு வளையத்தோடு பீன்ஸ் அடைத்திருந்தால் அதைச் சாப்பிடாதே. யாருக்கும் கொடுக்காதே. கொட்டிவிடு. மண்ணிலிருந்து காயோடு வரும் ஒரு கிருமி அந்தச் சூட்டில் சாகாது. காற்றில்லாத ஜாடிக்குள் உட்கார்ந்து விஷம் உண்டாக்கும். வாசனை மாறாது, நிறம் மாறாது, ருசியும் மாறாது.

அன்று மாலையே தவறு புரிந்தது. மேலதிகாரியிடம் சொல்லித் திருத்தத்தை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினோம். உனக்கு நான்கு முறை போன் செய்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். ஐந்து நாளாக எழுதாமல் இருந்ததற்கு வேலை காரணமில்லை. "கொட்டிவிடு" என்ற சொல்லை உனக்கு எழுதக் கை வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

இசெலா


ஓஹோ பிரியோ
1 செப்டம்பர் 2021

டீச்சரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனை எடுக்க மாட்டேன். காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

ஆமாம், நான்தான். மார்ச்சிலிருந்து ஒரு வியாழனும் விடவில்லை. தபால் ஆபீஸ் சுவரில் உன் வகுப்பின் விளம்பரம் ஒட்டியிருந்தது, உன் படத்தோடு. பதிவு செய்ய மின்னஞ்சல் கேட்டார்கள். அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போட்டுக் கொடுத்த பழைய முகவரியைக் கொடுத்தேன். வகுப்பின் இணைப்பு அப்போதே திரையில் வந்துவிட்டது, அந்த முகவரியின் கடவுச்சொல் அம்மாவோடு போய்விட்டது. ஆகவே உங்கள் திருத்தம் எனக்கு வரவில்லை, வரவும் போவதில்லை.

நீ இளைத்துவிட்டாய். முன்பின் தெரியாத முந்நூறு பேரை "நண்பர்களே" என்கிறாய். இந்த ஊரில் நீ யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பீன்ஸை ஏப்ரல் நடுவில் ஊன்றச் சொன்னாய். அன்று நான் வாய்க்காலில் பனிக்கட்டியைக் கடப்பாறையால் உடைத்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே ஜூன் ஏழாம் தேதி ஊன்றினேன். வாரம் ஒருமுறை தண்ணீர் விடச் சொன்னாய். இங்கே என் முறை ஒன்பது நாளுக்கு ஒருமுறைதான், அதுவும் மடை திறப்பவர் மனசு வைத்தால். துணி போர்த்துவது, மண்ணை டப்பாவில் அனுப்பிச் சோதிப்பது, வைக்கோல் பரப்புவது எல்லாம் நீ சொன்னபடி செய்தேன், நம் குளிருக்கும் வெயிலுக்கும் தகுந்தாற்போல் மாற்றிக்கொண்டு. அம்மா காலத்திலும் இப்படிக் காய்த்ததில்லை. மண்ணை எனக்குத் தெரியும், அதனால் திருத்திக்கொண்டேன். குக்கருக்குள் நடப்பது எனக்கு எப்படித் தெரியும்? அதில் மட்டும் உன் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

குக்கர் புதிது. இரண்டு ஆட்டுக்குட்டிகளை விற்று வாங்கினேன். ஒரு வளையம் போட்டேன். இன்னொன்றை ஜெபமாலை தொங்கும் ஆணியில் மாட்டிவைத்தேன், எதற்கு என்று தெரியாததால். முப்பத்தாறு ஜாடி. ஆறும்போது ஒவ்வொரு மூடியும் டிக், டிக் என்று உள்ளிழுத்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்தாறும் பிடித்துக்கொண்டது.

இப்போது கொட்டச் சொல்கிறாய்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? படிப்பு முடித்து அப்போதுதான் வந்திருந்தாய். ஊரே முற்றத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. "அம்மா, தொட்டியில வச்சு வெறுந்தண்ணில அவிக்கிறது வெஷம். யாருக்கும் இத வைக்காத" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாய். சொன்னதோடு விட்டாயா? நாற்பத்து மூன்று ஜாடியையும் பின்னால் தூக்கிக்கொண்டு போய்க் குழியில் கொட்டினாய். அம்மா ஏப்ரனைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தாள். அதன் பிறகு அவள் எதையும் அடைக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவுமில்லை. நாற்பது வருடம் அவள் ஜாடியில் சாப்பிட்டவர்களில் ஒருத்தருக்கு வயிறு வலித்ததுண்டா?

உன் கடிதம் வந்த மத்தியானம் ஒரு ஜாடியைத் திறந்தேன். பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்று முள்கரண்டியால் முழுவதையும் தின்றேன். நாலு நாள் ஆகிறது. நன்றாகத்தான் இருக்கிறேன்.

கை எதற்காகத் தூக்கினேன் என்று உனக்குச் சொல்லப்போவதில்லை.

டெலுவினா


மிசூரி
8 செப்டம்பர் 2021

அக்கா,

உன் கடிதத்தைக் காரிலேயே வைத்துப் படித்தேன். முள்கரண்டி வரிக்கு வந்ததும் தேதியை எண்ணினேன். விஷம் சில சமயம் பத்து நாள் வரை காட்டாமல் இருக்கும். இதை நீ படிக்கும்போது அந்தப் பத்து நாள் கழிந்திருக்கும். நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் அந்த ஜாடி நல்ல ஜாடி. அதற்கு மேல் அது எதையும் நிரூபிக்கவில்லை. முப்பத்தாறில் முப்பத்தைந்து நன்றாகவே இருக்கலாம். எது மற்றது என்று பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது.

இப்படிச் சொன்னால் நம்புவாயா பார். நம் அடுப்பில் காய்ந்த பீன்ஸ் வேகப் பகல் முழுக்க ஆகும். இங்கே ஒன்றரை மணி நேரத்தில் குழைந்துவிடுகிறது. இங்கு வந்த முதல் மாதம் நான் அதை மறந்து மறந்து கருக விட்டிருக்கிறேன். உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் போதிய சூடு ஏறியிருக்காது. கொதிக்கிற தோற்றம்தான் இருக்கும். குக்கருக்குள்ளும் அதேதான். இரண்டாவது வளையம் அந்தக் குறையை ஈடு கட்டுகிறது. உனக்குத் தெரிந்த விஷயம்தான், அக்கா. ஏப்ரலை ஜூன் ஆக்கிய உன் கைக்கு இதுவும் தெரியும்.

அம்மாவைப் பற்றி. அவள் முறை தவறு என்றுதான் இன்றும் வகுப்பில் சொல்லுவேன். ஆனால் நான் பார்க்காத ஒன்று இருந்தது. ஜாடியைத் திறந்ததும் அவள் யாரையும் ருசி பார்க்க விடமாட்டாள், நினைவிருக்கிறதா? பூண்டும் பன்றிக் கொழுப்பும் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுப்பாள். பசியோடு நாம் கரண்டியை நீட்டினால் புறங்கையில் அடி விழும். "மாலை முடியட்டும்டி, மாதாவுக்கு இல்லாத அவசரமா உனக்கு?" ஐம்பத்து மூன்று மணிகளும் முடிய இருபது நிமிடம் ஆகும். பக்தி என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதில் அதைக் கேலி செய்து ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

போன வாரம் அட்டவணையை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். உண்டான விஷத்தை அழிக்க நம் ஊர் உயரத்தில் பதினெட்டு நிமிடம் கொதிக்க வேண்டும். நாற்பது வருடம் யாருக்கும் வயிறு வலிக்காததற்குக் காரணம் அதுதான். எத்தனையோ படித்தேன், என் அம்மா அடுப்படியில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒரு தடவை நின்று கேட்கவில்லை.

அந்தக் காவலை நானே எடுத்துவிட்டேன். அன்று வகுப்பில், நீ கை தூக்குவதற்கு முன்னால், ஒருவர் கேட்டார்: "தொறந்ததும் திரும்ப கொதிக்க வைக்கணுமா?" நான் சொன்னேன்: "சரியா அடைச்சிருந்தா தேவையே இல்ல, அப்படியே சாலட்ல போடலாம்." சரியாக அடைத்திருந்தால். நீ அதையும் கேட்டிருப்பாய்.

கொட்டு. முடியாவிட்டால், அம்மா மாதிரி ஒரு முழு ஜெபமாலை நேரம் கொதிக்க வை, மூடி திறந்த கையோடு. ருசி பார்க்காதே, கரண்டியைக்கூட நக்காதே. இதை நான் வகுப்பில் யாருக்கும் சொல்ல மாட்டேன். கொட்டுவதுதான் சரி. ஆனால் உன்னிடம் நான் எதைக் கேட்க முடியும், எதைக் கேட்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

நான் வரட்டுமா? பதினைந்து மணி நேர ஓட்டம்தான். கதவைத் திறப்பாய் என்று ஒரு வரி எழுது.

இசெலா


ஓஹோ பிரியோ
20 செப்டம்பர் 2021

இசெலா,

பதின்மூன்றாம் தேதியே உன் கடிதம் வந்துவிட்டது. உருளைக்கிழங்கு தோண்டும் வேலை, உட்கார நேரமில்லை. பொய். அந்த ஜெபமாலைச் சங்கதியைப் படித்தபின் இரண்டு நாள் உன் மேல் கோபப்பட முயற்சி செய்தேன். வரவில்லை.

அன்றிரவே ஒரு ஜாடியைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்காகத்தான் இதைச் செய்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். நீ சரி என்று சொல்லும் முறையில் ஒன்றைச் செய்து, வரிசையாக அடுக்கி, நீ என்றைக்காவது வரும்போது அலமாரியைத் திறந்து காட்ட வேண்டும் என்று இருந்தது. "பாருடி, இதக் கொட்டு பாப்போம்" என்று.

கொட்டவில்லை. முப்பத்தொரு ஜாடியையும் மாட்டுக் கொட்டகையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நீ வந்து நீயே கொட்டு, இந்தத் தடவை நான் குழி வெட்டித் தருகிறேன். மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு வா. இருபத்தொன்பதாம் தேதி. அன்று மலையிலிருந்து ஆடுகள் இறங்குகின்றன. கதவு திறந்திருக்கும்.

முப்பத்தொன்று என்கிறாளே என்று கணக்குப் பார்ப்பாய். ஒன்று நான் தின்றது. நான்கு ஜாடி ஃபெர்மின் மாமாவிடம் இருக்கிறது.

அதைச் சொல்லிவிடுகிறேன். உன் முதல் கடிதம் வந்த மறுநாள், மலையில் அவருடைய ஆட்டுப் பட்டிக்கு அரிசி, மாவு, உப்புக்கட்டி எல்லாம் போனது. அந்த மூட்டையில் நானே நான்கு ஜாடியை வைத்தேன். நீ யாருக்கும் கொடுக்காதே என்று எழுதியிருந்தாய், அதனால் கொடுத்தேன். உனக்கு ஞானஸ்நானத்தில் கை பிடித்தவர், நம் வீட்டுப் பீன்ஸ் என்றால் உயிரை விடுபவர், அவர் தின்று தீர்த்துவிட்டு வந்து "சின்னவ படிச்ச படிப்புக்கு இதுதானாடி?" என்று ஊர் கேட்கச் சிரிக்கட்டும் என்று நினைத்தேன்.

உன் இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு பயம் வந்தது. பட்டியில் போன் எடுக்காது, உனக்குத் தெரியும். சனிக்கிழமை உப்பு கொண்டுபோன லாடிஸ்லாவோவிடம் சொல்லி அனுப்பினேன், கொதிக்க வைக்காமல் தொடக்கூடாது என்று. இன்று காலை இறங்கி வந்தான். மாமா முதல் இரண்டு ஜாடியை எப்போதோ முடித்துவிட்டாராம், ஒன்றும் ஆகவில்லையாம். மூன்றாவதும் பாதிக்கு மேல் போய்விட்டதாம். கொதிக்க வைக்கணும் என்று இவன் சொன்னதற்கு, "யாரு, சின்னவ சொன்னாளா? மலையில வெறகுக்கு அவளா வருவா?" என்றாராம்.

லாடிஸ்லாவோ இன்னொன்று சொன்னான், தபால் ஆபீஸில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமா ஆடுகளை எண்ணினாராம், எண்ணூறு இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரத்து அறுநூறு வந்ததாம். "எல்லாம் ரெட்டையா நிக்குதுடா, இந்த வருசம் கர்த்தர் ரெட்டிப்பா குடுத்துட்டாரு" என்றாராம். நாக்கு குழறியதாம். காலையிலேயே ஏற்றிவிட்டார் போல என்று இவன் போத்தலைத் தேடினானாம், கிடைக்கவில்லையாம்.

வரும்போது குளிருக்கு உடுப்பு எடுத்து வா. உச்சியில் பனி விழுந்துவிட்டது.

லுவி


மிசூரி
24 செப்டம்பர் 2021

அக்கா,

மூன்று வருடத்தில் முதல் தடவையாக இன்று காலை என் குரல் கேட்டும் நீ போனை வைக்கவில்லை. நாற்பது விநாடி பேசினோம். "ரெட்டையாத் தெரியுறதும் நாக்கு குழறுறதும் குடி இல்ல, அதுதான் அது" என்றேன். கிளம்பவா என்றேன். பதில் சொன்ன கையோடு போனை மேசையில் வைத்துவிட்டு ஓடினாய். நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு கதவு. நான் வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். உன் சமையலறைக் கடிகாரம் இன்னும் அதேபோல்தான் அடிக்கிறது.

ஷெரீஃபுக்கும் மருத்துவமனைக்கும் நானும் சொல்லிவிட்டேன். முறிமருந்து இருக்கிறது, அதை விமானத்தில் கொண்டுவர வேண்டும். சீக்கிரம் போட்டால் விஷம் மேலும் பரவுவது நிற்கும். முதலில் கண், பிறகு இமை, நாக்கு, தொண்டை, கை, கடைசியில் மூச்சு. அந்த வரிசையை நான் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

நாற்பது விநாடியில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். அந்த நான்கு ஜாடியை உன் கோபம் மட்டும் மேலே அனுப்பவில்லை. இருபது நிமிடம் மீதமிருந்தபோது நேரமில்லை என்று சொன்னவள் நான். அந்தக் கட்டத்தில் வேறு யார் பெயர் இருந்திருந்தாலும் கேளுங்கள் என்றிருப்பேன்.

நீ என்ன கேட்க வந்தாய், அக்கா? தெரியாமலிருப்பது நல்லதோ என்னவோ. ஆனாலும் கேட்கிறேன்.

கிளம்பவா என்று கேட்டதற்கு "இப்ப வராத, சொல்லியனுப்புறேன்" என்றாய். பெட்டி கட்டி வாசலில் இருக்கிறது.

இசெலா


ஓஹோ பிரியோ
5 அக்டோபர் 2021

இசெலா,

போனில் சொல்ல இரண்டு தடவை எண்ணைச் சுற்றினேன். மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நீ போன் செய்த வெள்ளிக்கிழமை மாலை பனியால் ஹெலிகாப்டர் ஏறவில்லை. ஷெரீஃபின் ஆட்கள் குதிரையில் புறப்பட்டார்கள், நானும் போனேன். சனிக்கிழமை காலை பத்தரைக்குப் பட்டியை அடைந்தோம். நாய்கள் குரைக்கவில்லை, வண்டியடியில் படுத்திருந்தன. மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறக்க முடியவில்லை. விரலால் ஒரு இமையைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தார். பேச்சு வரவில்லை, ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. என் கையைப் பிடித்து அலமாரிப் பக்கம் காட்டினார்.

அங்கே இரண்டு ஜாடி கழுவிக் காய்ந்து நின்றன. நம் ஊரில் யாரும் ஜாடியை வெறுமனே திருப்பித் தருவதில்லையே. ஒன்றில் இருமலுக்குக் கொடுக்கும் ஓஷா வேரை நறுக்கி நிரப்பியிருந்தார். இன்னொன்றில் மலைப் புதினா. மூடியில் கரியால் எழுதியிருந்தது: ஒன்றில் லுவி, ஒன்றில் சின்னவள். நீ திருநாளுக்கு வருவாய் என்று எனக்கே தெரியாத நாளில் எழுதியது.

மூன்றாவது ஜாடி அடுப்படியில் இருந்தது, கரண்டியோடு. அடியில் நான்கைந்து காய். நான்காவது திறக்கப்படவில்லை.

ஹெலிகாப்டர் பகல் ஒரு மணிக்கு வந்தது. டென்வரில் முறிமருந்து போட்டார்கள். இரண்டு நாள் முந்தியிருந்தால் என்றார் டாக்டர், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தபால் ஆபீஸில் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த திங்கட்கிழமையை நான் எண்ணிப் பார்த்தேன். அது இரண்டு நாள் அல்ல, ஐந்து.

சுகாதாரத் துறையினர் கொட்டகையிலிருந்து முப்பத்தொரு ஜாடியையும் எடுத்துப் போனார்கள். நேற்று போன் வந்தது. இதுவரை திறந்து பார்த்த எதிலும் ஒன்றுமில்லையாம். அவருடைய நான்காவதிலும் இல்லையாம். அடுப்படியில் இருந்த அந்த ஒன்றில்தான்.

ஓர் அம்மாள் வந்து சமையலறையைப் படமெடுத்தாள். ஆணியில் தொங்கிய வளையத்தைப் பார்த்து, "இது என்ன?" என்றாள். "ரெண்டாவது" என்றேன். பையில் போட்டு எண் எழுதி எடுத்துக்கொண்டாள்.

என் கேள்வியைக் கேட்டிருந்தாய். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நமக்குள் சொல்லாமல் விட்டது போதும். அன்று காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு, உன் முன்னால் குரல் நடுங்கக் கூடாது என்று மூன்று தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கை தூக்கினேன். காகிதம் இன்னும் இருக்கிறது, இதோடு வைத்திருக்கிறேன். அதில் இவ்வளவுதான்: "எங்க ஊரு மேட்டுல இருக்கு, பீன்ஸ் வேகவே பகல் பூரா ஆகும். எங்களுக்கும் ஒரு வளையம் போதுமா, டீச்சர்?"

அடக்கம் பதினாறாம் தேதி சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு. ஜாடி உனக்காக இருக்கிறது.

ஃபெர்மின் மாமா மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு இறந்துபோனார்.

லுவி